பெயில் ஆர்டர் வந்தும் சித்தி உள்ளேயே இருக்கிறார், ஜாமீன் போட ஆள் இல்லை

நொய்யல்கரை:

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வயது 24, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்பது கீழே படித்தால் புரியும்.

என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கையும் அவர் வீட்டுக்காரரும் ஒரே கஞ்சா வழக்கில் கைதானார்கள். வீட்டில் 6 கிலோ எடுத்ததாக எஃப்ஐஆரில் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் சித்தப்பா முதல் ஆள் (ஏ1), சித்தி இரண்டாவது (ஏ2). [இங்கே இருந்த இரண்டு வரியை, கீழே வக்கீல் அக்கா சொன்னதால் எடுத்துவிட்டேன்.] போலீஸ் வந்தது ராத்திரி பத்து மணிக்கு மேல். வந்தவர்களில் பெண் போலீஸ் இல்லை என்றும், ஸ்டேஷனுக்குப் போன பிறகுதான் ஒரு பெண் ஏட்டு வந்தார் என்றும் சித்தி சொன்னார்.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் பெயில் ஆர்டர் ஆனது. சித்தப்பாவுக்கு அவருடைய அண்ணனும் அண்ணன் மகனும் வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போய் நின்றார்கள், அந்த வாரமே அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். சித்திக்கும் அதே கண்டிஷன்தான். ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர், அதில் ஒருவர் ரத்த உறவு, வெளியே வந்ததும் தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. ஆர்டர் ஆகி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஒருத்தரும் போகவில்லை.

சித்தப்பா வீட்டில் கேட்டால், அவள் சரியாக இருந்திருந்தால் குடும்பத்துக்கு இந்த நிலைமை வந்திருக்குமா என்கிறார்கள். சித்தப்பா பேரில் இதற்கு முன்பும் ஒரு கேஸ் இருந்தது, அதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. எங்கள் தாத்தாவிடம் போனேன். எனக்கு ஒரே பெண்தான் என்று சொல்லிவிட்டார், அந்த ஒரே பெண் என்பது என் அம்மா. மாமா போனையே எடுப்பதில்லை. அம்மாவுக்கு மனசு இருக்கிறது. ஆனால் என்னைக் கட்டிக்கொடுக்க வேண்டும், கோர்ட்டுக்குப் போனால் நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவன் என்ன கேட்பான் என்று அப்பா தடுக்கிறார். அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து அழுகிறார், அவ்வளவுதான்.

சித்தியின் மகள் ஆறாவது படிக்கிறாள். இப்போது காலையில் சோறு பொங்கிவிட்டுத்தான் பள்ளிக்கூடம், பல நாள் போவதே இல்லை. நாலு வயதுப் பையன் அவனுடைய அப்பத்தாவிடம். போன வாரம் லீவு போட்டு சிறையில் சித்தியைப் பார்க்க, அதாவது மனு பார்க்கப் போனேன். பெயிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாப்பா வயசுக்கு வந்துட்டாளா, வந்தால் யார் பார்ப்பா, அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

நான் ஜாமீன் போடலாமா? அக்கா மகள் ரத்த உறவில் வருமா? என் பேரில் சொத்து இல்லை, சம்பளம் மட்டும்தான். போட்டால் என் மேல் கேஸ், கீஸ் வருமா? ரத்த உறவு இல்லாமல் வேறு வழி ஏதாவது உண்டா? அப்புறம் ஒரு கேள்வி, இதற்குச் சட்டத்தில் பதில் இருக்குமா தெரியவில்லை. ஒரே வீடு, ஒரே கேஸ், ஒரே ஆர்டர். அவருக்கு நாலு பேர் ஓடினார்கள், இவருக்கு ஏன் ஒருத்தரும் இல்லை?

கோர்ட்_வளாகம்:

தங்கச்சி, முதலில் ஒன்று. வழக்கு நடக்கும்போது சித்திக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை இப்படிப் பொது இடத்தில் எழுதாதே. அந்த இரண்டு வரியை இப்போதே எடுத்துவிடு. மனு பார்க்கும்போதும் அதைப் பேச வேண்டாம்.

நான் கோவைப் பக்கம் கிரிமினல் பிராக்டிஸ் செய்கிறேன். நீ ஜாமீன் போடலாம். 10,000 ரூபாயை இப்போது கட்ட வேண்டியதில்லை. சித்தி வாய்தாவுக்கு வருவார், வராமல் போனால் இந்தத் தொகைக்கு நான் பொறுப்பு என்று எழுதிக்கொடுக்கிறாய், அவ்வளவுதான். அவர் வரவே இல்லை என்றாலும் எடுத்த எடுப்பில் உன்னிடம் வசூல் செய்ய முடியாது. நோட்டீஸ் கொடுத்து உன் பதிலைக் கேட்ட பிறகுதான். பின்னால் உனக்கே பயம் வந்தால் விலகிக்கொள்ள மனுப் போடவும் வழி இருக்கிறது. ஜாமீன்தாரர் மேல் கேஸ் வராது, குற்றப்பதிவு எதுவும் ஏறாது. ஸ்டேஷனில் உன் முகவரியைச் சரிபார்க்கக் கூப்பிடலாம், அதிகபட்சம் அது. அதற்கும் உன்னைத் தனியாக வரச்சொன்னால் போகாதே, வக்கீலை வைத்துப் பேசிக்கொள்ளலாம்.

அக்கா மகளை ரத்த உறவாக ஏற்பது அந்த ஜட்ஜைப் பொறுத்தது. ஏற்றதையும் பார்த்திருக்கிறேன், தாய், தகப்பன், கூடப்பிறந்தவர் வேண்டும் என்று திருப்பி அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். சொத்துக்குப் பதில் சம்பளச் சான்று போதுமா என்பதும் கோர்ட்டுக்குக் கோர்ட் மாறும். அதனால் உன்னை மட்டும் நம்பி நிற்காமல், கண்டிஷனை மாற்றக் கேட்டு ஒரு மனுவையும் சேர்த்துப் போட வேண்டும். அதற்குப் பலமான ஆதாரம் இருக்கிறது. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக உத்தரவு போட்டது. பெயில் ஆகி 7 நாளில் ஒருவர் வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன் பத்திரம் வரவில்லை என்றால், யாரும் மனுப் போடாவிட்டாலும் கோர்ட்டே அந்தக் கண்டிஷனைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். வெளியே வந்தால் நானே ஆள் தேடிக்கொள்கிறேன் என்று கைதி கேட்டால், குறிப்பிட்ட நாளுக்குத் தற்காலிக ஜாமீன்கூடக் கொடுக்கலாம். உன் சித்தி விஷயத்தில் மூன்றும் பொருந்தும்.

இது புதிதாக வந்த ஞானம் இல்லை. 1978இல் மோத்தி ராம் வழக்கில் ஒரு ஏழைக் கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவருடைய கூடப்பிறந்தவர் கையெழுத்துப் போட வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். வேறு ஊரில் பிடிபட்ட தமிழனும் மலையாளியும் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார்கள் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்பில் கேட்டார். வருஷம் எத்தனை ஆனாலும் கீழ்க் கோர்ட்டில் அதே படிவம், அதே ரத்த உறவு.

செலவைப் பற்றிப் பயப்படாதே. 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி எந்தப் பெண்ணுக்கும், காவலில் இருக்கும் யாருக்கும் இலவச வக்கீல் உண்டு, வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். 15100க்கு போன் பண்ணு, இல்லையென்றால் மாவட்ட கோர்ட் வளாகத்தில் உள்ள அலுவலகத்துக்கு நேரில் போ. நேரில் போவதுதான் நல்லது.

ராத்திரிக் கைது விஷயம். சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்கு முன் ஒரு பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் ஒரு பெண் போலீஸ் அதிகாரி, முன்கூட்டியே மாஜிஸ்திரேட்டிடம் எழுத்தில் அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும். பிஎன்எஸ்எஸ் என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 43ஆவது பிரிவு, பழைய சட்டத்தில் 46(4). ஆனால் இதை மீறினால் கைதே செல்லாது என்று நினைக்காதே. அது கட்டாய விதி இல்லை, ஆனாலும் மீறிய அதிகாரி காரணம் சொல்லியாக வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025இல் சொல்லிவிட்டது. பெண்ணைச் சோதனை போடுவது வேறு விஷயம். போதைப்பொருள் சட்டத்தின் 50ஆவது பிரிவில், பெண்ணைப் பெண்தான் சோதனை போட வேண்டும் என்று இருக்கிறது. அன்று ராத்திரி சித்தியின் உடம்பில் யார் கை வைத்தார்கள் என்பதை அவரிடம் வக்கீல் மூலம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். விசாரணையில் அது உதவும்.

6 கிலோ என்பது நடுத்தர அளவு. 20 கிலோவைத் தாண்டியிருந்தால் அதே போதைப்பொருள் சட்டத்தின் 37ஆவது பிரிவு வந்து பெயில் இவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்காது. கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது தங்கச்சி. பூட்டைக் கோர்ட் திறந்துவிட்டது, கதவைத் தள்ள ஆள் இல்லை.

மேட்டூர்காரன்:

நான் சொல்வது இங்கே பலருக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு அம்மா தீபாவளிச் சீட்டுப் பிடித்தார். என் மனைவி உட்பட ஏகப்பட்ட பேர் மாதா மாதம் கட்டினோம். என் மனைவி நூறு நாள் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம் அது. கடைசியில் பணமும் இல்லை, நகையும் இல்லை, ஆளும் இல்லை. பிடித்து உள்ளே போட்டார்கள், கொஞ்ச நாளிலேயே பெயில். பெண், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று சொல்லித்தான் வாங்கினார்களாம். பணம் போன வீடுகளில் குழந்தைகள் இல்லையா? அந்த வருஷம் என் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட முடியாமல் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

கஞ்சாவும் அப்படித்தான். அந்த 6 கிலோ யாரோ ஒருத்தர் வீட்டுப் பையன் கைக்குத்தான் போயிருக்கும். நொய்யல்கரை தங்கச்சி மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்தக் குழந்தைகளுக்காக நீங்கள் ஜாமீன் போடுங்கள், அது வேறு. ஆனால் பெண் என்பதற்காகச் சட்டம் ஏன் தனியாக இளகி நிற்க வேண்டும்? தப்பு ஒன்றென்றால் தண்டனையும் ஒன்றுதானே?

கோர்ட்_வளாகம்:

மேட்டூர் அண்ணா, உங்கள் பணம் போனது பொய் இல்லை, அதற்காக நீங்கள் கோபப்படுவதிலும் தப்பு இல்லை. ஆனால் பெயிலையும் தண்டனையையும் ஒன்றாக்காதீர்கள். அந்த அம்மாவுக்குக் கிடைத்தது விடுதலை இல்லை, விசாரணை முடியும் வரை வெளியே இருக்கும் அனுமதி. குற்றம் நிரூபணமானால் பெண் என்பதற்காக எந்தப் பிரிவிலும் வருஷத்தைக் குறைத்து எழுதி வைக்கவில்லை.

சட்டம் இளகுவது ஜாமீன் இடத்தில். பிஎன்எஸ்எஸ் 480, பழைய 437. பெண், குழந்தை, நோயாளி, உடல் தளர்ந்தவர் இவர்களுக்கு ஜாமீன் கொடுக்கலாம் என்று இருக்கிறது. கொடுக்கலாம்தான், கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 45ஆவது பிரிவிலும் இதே மாதிரி ஒரு வரி உண்டு. அதை வைத்துத்தான் 2024இல் தெலங்கானா முன்னாள் முதல்வர் சந்திரசேகர ராவின் மகள் கவிதா வழக்கில் பெரிய விவாதம் நடந்தது. படித்த, செல்வாக்குள்ள பெண்ணுக்கு இந்தச் சலுகை எதற்கு என்கிற மாதிரி டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. சட்டத்தில் பெண் என்றுதான் இருக்கிறது, பாவப்பட்ட பெண் என்று இல்லை என்கிற நிலையை எடுத்து உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் ஜாமீன் கொடுத்தது. அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. கவிதாவுக்காக வாதாட டெல்லியில் சீனியர் வக்கீல்கள் நின்றார்கள், இந்தத் தங்கச்சியின் சித்திக்கு அதே மாதிரி இளக்கம் கிடைத்து ஒரு மாதமாகியும் அது ஃபைலில்தான் கிடக்கிறது. நீங்கள் பார்த்த சீட்டு அம்மாவுக்கு யாரோ ஜாமீன் போட்டிருக்கிறார்கள் அண்ணா. அப்படி ஒரு ஆள் இல்லாதவர்கள்தான் உள்ளே தங்கிப்போகிறார்கள்.

2022 கடைசியில் நாடு முழுவதும் சிறையில் இருந்த 5,73,220 பேரில் பெண்கள் 23,772. அதில் முக்கால்வாசிப் பேர் தண்டனை பெற்றவர்கள் இல்லை, விசாரணைக் கைதிகள். பணம் இல்லாதவருக்கு ஜாமீன் தொகை கட்ட மத்திய அரசுத் திட்டமே 2023இல் வந்துவிட்டது. ஆள் இல்லாதவருக்கு அப்படி எதுவும் இல்லை.

ரிட்டயர்டு_டீச்சர்:

பெண்கள் தனிச் சிறை ஒன்றில் பல வருஷம் எழுத்தறிவு வகுப்பு எடுத்தேன். எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம்.

நொய்யல்கரை பாப்பா, உன் கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஆண்கள் சிறை வாசலில் மனு பார்க்க நிற்கும் வரிசையைப் பார்த்திருப்பாய். பொண்டாட்டி, அம்மா, அக்கா, இடுப்பில் குழந்தை, கையில் பழமும் பிஸ்கட்டும். ஒரு பெண் தன் மூக்குத்தியை அடகு வைத்து வக்கீலுக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்பாள். பெண்கள் சிறை வாசலுக்கு வந்து பார், வரிசையே இருக்காது. வருகிறவர்களும் பெரும்பாலும் வயசான அம்மாக்கள்தான். புருஷன் வந்தால் உள்ளே அது ஒரு செய்தியாகப் பரவும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் பலர் எழுதக் கற்றுக்கொண்டதே வீட்டுக்கு லெட்டர் போடத்தான். பதில் வராது. முகவரியை நான் தப்பாக எழுதிக்கொடுத்துவிட்டேனோ என்று என்னிடமே வந்து கேட்பார்கள்.

தூரமும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் ஆண்களுக்கு 9 மத்திய சிறை. பெண்களுக்குத் தனிச் சிறை என்றால் புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரை இந்த 5 ஊர்தான், அப்புறம் கொக்கிரகுளம், நிலக்கோட்டை மாதிரி சில கிளைச்சிறைகள். ராமநாதபுரத்துக் கிழவி மகளைப் பார்க்க மதுரைக்கு பஸ் ஏற வேண்டும், ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும். ஆனால் தூரத்தை மட்டும் சொன்னால் அது பொய். மகன் இருந்தால் அதே கிழவியை மற்ற பிள்ளைகள் சேர்ந்து வண்டி வைத்து அனுப்புவார்கள். ஆண் சிறைக்குப் போனால் குடும்பத்துக்குக் கஷ்டம், பெண் போனால் குடும்பத்துக்கு மானக்கேடு. நம் ஊரில் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதை மாற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

குழந்தைகளைப் பற்றி. ஆறு வயது வரை அம்மாவோடு உள்ளே இருக்கலாம். உபாத்யாய் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் விவரமாக எழுதி வைத்தது. உணவு, மருந்து, பாலவாடி எல்லாம் கொடுக்க வேண்டும், சிறையில் குழந்தை பிறந்தாலும் பிறப்புச் சான்றில் சிறை என்று எழுதக் கூடாது. 2022 கடைசிக் கணக்கில் 1,537 அம்மாக்களோடு 1,764 குழந்தைகள் உள்ளே இருந்தார்கள். நான் பார்த்த ஒரு குழந்தை மூன்று வயது இருக்கும். மற்றக் குழந்தைகளை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, கையில் ஒரு குச்சியோடு நடந்து நடந்து எண்ணும். ஒருத்தி எழுந்துவிட்டால் முதலில் இருந்து எண்ணும். வார்டர் சாயங்காலம் கணக்கு எடுப்பதைப் பார்த்துப் பழகிய விளையாட்டு. அந்த வார்டர் நல்ல பெண்மணி, அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு எண்ணாமலே பூட்டலாமா என்று என்னிடம் கேட்டார், முடியாது என்று அவருக்கே தெரியும்.

மேட்டூர் தம்பி, தப்பு ஒன்றென்றால் தண்டனை ஒன்று என்கிறீர்கள். எனக்கு ஒரு வகைப் பெண்களைத் தெரியும். குடித்துவிட்டு அடிக்கும் புருஷன், பட்டினி, கடன் எல்லாம் சேர்ந்து பிள்ளைகளோடு கிணற்றில் குதித்தவர்கள். பிள்ளைகள் போய்விட்டன, இவளை யாரோ தூக்கிவிட்டார்கள். சட்டப்படி இவள் கொலைகாரி. 1989இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கில் நல்லதங்காள் கதையையே எடுத்துப் பேசி, அந்த மனநிலைக்கு அவள் பேரையே வைத்தது. அந்த நிமிஷத்தில் கோபமூட்டினால் மட்டும்தான் தூண்டுதலா, வருஷக்கணக்கில் சேர்ந்துகொண்டே வந்ததும் தூண்டுதல்தானே என்று ஏற்றுக்கொண்டது. நாம் ஊர் ஊராக நல்லதங்காளுக்காக அழுத சனம். அவள் பிழைத்து வந்திருந்தால் 302 போட்டிருப்போம். எல்லாருக்கும் ஒரே தராசு என்று சொல்வதற்கு முன்னால் இவர்களை ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

நல்லதும் நடக்கிறது. 2023இல் புழல் பக்கத்தில் பெண் கைதிகளே வேலை பார்க்கும் பெட்ரோல் பங்க் ஒன்றைச் சிறைத்துறை திறந்தது. சம்பளம் வருகிறது, வெளி மனிதர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். ஆனால் அது தண்டனைக் கைதிகளுக்கு. உன் சித்தி மாதிரி விசாரணைக் கைதிகளுக்கு அந்த வேலையும் கிடையாது, நாள் எப்போது முடியும் என்ற கணக்கும் கிடையாது.

பெயர்_வேண்டாம்:

நான் உள்ளே இருந்து வந்தவள். என்ன கேஸ் என்று கேட்காதீர்கள், விடுதலை ஆகிவிட்டது.

டீச்சர் சொன்னது எல்லாம் உண்மை. உள்ளே அடி, உதை என்று வெளியில் நினைப்பார்கள். சில இடத்தில் அதுவும் நடக்கும், 2017இல் மும்பை பைகுல்லா சிறையில் முட்டையும் பாவ் ரொட்டியும் கணக்குக் குறைந்த தகராறில் ஒரு பெண்ணை அடித்தே கொன்றதாகச் சிறை ஊழியர்கள் 6 பேரைக் கைது செய்தார்கள். நான் இருந்த இடத்தில் யாரும் என்னை அடிக்கவில்லை. எனக்குக் கஷ்டமாக இருந்தது மாதவிலக்கு நாட்களும் ராத்திரியும்தான். பேட் கொடுப்பார்கள், எனக்குப் பத்தாது, கூடக் கேட்க வெட்கம். மனு பார்க்க ஆள் வருகிறவளிடம் கூடுதலாக இருக்கும், அவளுக்குத் துணி துவைத்துக் கொடுத்து வாங்கிக்கொள்வேன். தங்கச்சி, அடுத்த தடவை போகும்போது சித்தியின் கணக்கில் கொஞ்சம் பணம் கட்டிவிட்டு வா, கேன்டீனில் வாங்கிக்கொள்வார். உள்ளாடை இரண்டு செட் கொண்டு போ. கேட்க மாட்டார், நீயாகக் கொண்டு போ.

வெளியே வந்த பிறகு அந்தக் கையெழுத்து பெரிய பாடு. 10.30 என்று ஆர்டரில் இருக்கும். ரைட்டர் வெளியே போயிருக்கிறார், உட்காரு என்பார்கள். பன்னிரண்டு, ஒரு மணி ஆகும். எந்தக் கம்பெனி அதற்குப் பிறகு வேலைக்கு எடுக்கும்? எனக்கு வேலை போனது சிறைக்குப் போனதால் இல்லை, கையெழுத்துப் போடப் போனதால். அங்கே வருகிறவர்கள் எல்லாம் பார்க்கிற பார்வை வேறு. அதனால் கண்டிஷன் மாற்ற மனுப் போடும்போது கையெழுத்து நேரத்தையும் மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் வாரத்துக்கு ஒரு நாள் என்று கேளுங்கள்.

வந்ததும் சித்தியை அந்த வீட்டுக்கே அனுப்பிவிடாதீர்கள். அந்தப் புருஷன் பக்கத்திலேயே இருந்தால் அடுத்த கேஸிலும் ஏ2 இவர்தான். பெண் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தனி அறை எடுத்தால் நல்லது. கேஸ் தெரிந்தால் வீடு தர மாட்டார்கள், அதற்கு நீ முன்னால் நிற்க வேண்டி வரும்.

நொய்யல்கரை:

எல்லாருக்கும் நன்றி. டீச்சரம்மா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், எதுவும் பேசவில்லை, ஆனால் காலையில் எழுந்து அவருடைய ஆதார் கார்டை எடுத்து என் பையில் வைத்துவிட்டார். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று அம்மா சொல்கிறார், சொன்னால் போக விடமாட்டார் என்று எனக்குப் பயம்.

மேட்டூர் அண்ணா, நீங்கள் சொன்னதைப் பற்றியும் யோசித்தேன். அந்தப் பொட்டலம் யார் வீட்டுப் பையன் கைக்குப் போனது என்ற நினைப்பு எனக்கும் உண்டு. சித்திக்குத் தண்டனை கிடைத்தால் அனுபவிக்கட்டும். தீர்ப்பு வருவதற்கு முன்னால் அவர் மட்டும் அனுபவிப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வக்கீல் அக்கா, அம்மா கூடப்பிறந்தவர், அவர் ரத்த உறவு. நான் இரண்டாவது ஜாமீன்தாரர். சொத்துக்கு என்ன செய்வது? வீடு அப்பா பேரில். வெள்ளிக்கிழமைதான் எனக்கு லீவு கிடைக்கும்.

மேட்டூர்காரன்:

போடும்மா. நான் சட்டத்தைப் பற்றித்தான் பேசினேன். பாப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்த விடாதே.

கோர்ட்_வளாகம்:

அம்மா வருகிறார் என்றால் பாதி வேலை முடிந்தது. அப்பாவிடம் சொல்லிவிடு, ஆனால் அனுமதி கேட்காதே. உங்கள் இருவர் ஜாமீனுக்கும் அவர் கையெழுத்து தேவையில்லை.

சொத்து ஆவணம் கண்டிப்பாக வேண்டும் என்று ஆர்டரில் எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பல ஆர்டரில் அந்த வார்த்தையே இருக்காது, வழக்கம் என்பதற்காக ஆபீஸில் கேட்பார்கள். ஆர்டர் நகல் கையில் இல்லை என்றால் இ-கோர்ட்ஸ் ஆப்பில் வழக்கு எண்ணை வைத்துத் தேடு, இல்லாவிட்டால் சிறையில் சித்திக்குக் கொடுத்திருப்பார்கள். உன் சம்பளச் சான்றில் கம்பெனி சீல், வேலைக்குச் சேர்ந்த தேதி இரண்டும் இருக்கட்டும். இரண்டு பேரும் ஆதார் அசல், ரேஷன் கார்டு அசல், ஒவ்வொன்றிலும் மூன்று நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ எடுத்து வாருங்கள். அம்மாவும் சித்தியும் கூடப்பிறந்தவர்கள் என்பதற்குத் தாத்தா பேர் வருகிற ஏதாவது சான்று வேண்டும், இரண்டு பேருடைய பள்ளி டிசி இருந்தால் போதும். சித்தியுடையது கிடைக்காவிட்டால் அவர் ஆதாரில் தகப்பன் பேர் இருக்கிறதா பார், கல்யாணத்துக்குப் பிறகு மாற்றியிருப்பார்கள்.

வியாழக்கிழமையே சட்டப் பணிகள் அலுவலகத்துக்குப் போன் செய்து வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று சொல்லி வை. காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள், மதியத்துக்குப் பிறகு போட்டால் அன்றைக்கே ரிலீஸ் ஆர்டர் சிறைக்குப் போகாது, சனி, ஞாயிறு தாண்டித் திங்கள் ஆகிவிடும். கையெழுத்து நேரத்துக்கும் சேர்த்து மனு எழுதச் சொல்கிறேன். உன் போன் நம்பரை இங்கே போடாதே, தனிச்செய்தியில் அனுப்பு.